மூன்றாவது கையுறை

ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்போது இருந்தவர்கள் மூவர்: நர்ஸ் ஜெசிந்தா, அறுப்பரிவாள் பட்ட காலோடு திலகவதி, அவள் அப்பா சொக்கநாதன். மகளுக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தால் குடும்ப மானம் கப்பலேறிவிடும் என்று ஊரிடம் மறைத்தவர், நர்ஸிடம் மட்டும் சொல்லிவிட்டு, கதவுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஜெசிந்தா ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று கையுறைகளை மாட்டினாள். தையல் ஊசி பிடிபடாமல் வழுக்கியது. ரத்தம் நிற்கவில்லை.

“எச்.ஐ.வி. பயிற்சியில படம்தான் காட்டுனாங்கய்யா,” என்றாள் ஜெசிந்தா.

“இத்தனை மாட்டுனா ஊசி உங்களைத்தான்க்கா குத்தும்,” என்று சிரித்தாள் திலகவதி.

ஜெசிந்தா இரண்டைக் கழற்றினாள். ஒற்றைக் கையுறையோடு தைத்தாள்.

மறுநாள் டீக்கடையில், மூன்று கையுறை மாட்டியதை யாரோ ஜன்னலில் பார்த்தார்களாம், திலகவதிக்கு ஏதோ நோயாம், தொட அஞ்சி நர்ஸ் ஓடிவிட்டாளாம் என்று பேச்சு. சொக்கநாதன் எழுந்து நின்றார்.

“எம்மகளுக்கு எச்.ஐ.வி. இருக்கு. நர்ஸ் ஓடல. தொட்டுத்தான் தைச்சுது.”