முப்பது விநாடி

“போனை அணைச்சு என் மேசை மேல வச்சிடும்மா. அப்புறம் சர்வரைத் தொடு.”

அச்சக முதலாளி இப்படிச் சொன்னதும், மெயில் சர்வரைச் சரிபார்க்க வந்திருந்த பெண் ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். முதலாளி சிரிக்கவில்லை. தன் நிழல் பின்னால் வந்தாலே நின்று திரும்பிப் பார்க்கிற மனிதர் அவர். நாற்காலியை இழுத்து, திரை நன்றாகத் தெரிகிற மாதிரி அவள் முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொண்டார்.

“அவர் அப்படித்தான். நீ தப்பா எடுத்துக்காதம்மா” என்றாள் அடுத்த மேசையில் இருந்த அவர் மனைவி. ஒரு வாரமாக அவள் கணவரைப் பற்றிப் பேசுகிறாளே தவிர, கணவரோடு பேசுவதில்லை.

காரணம் அச்சகம் முழுக்கத் தெரியும். ஐந்து வருடமாக இந்தச் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவளுடைய தம்பி. போன செவ்வாய்க்கிழமை காலை, ஏன் எதற்கு என்று எதுவும் சொல்லாமல் முதலாளி அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து மெயில் நொண்டியடிக்கிறது.

“என்ன பண்ணுது சார்?”

“எப்போ மெயிலைத் திறந்தாலும் அப்படியே நிக்குது. சரியா முப்பது விநாடி. கடிகாரம் வச்சுப் பார்த்துட்டேன். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. ஏன்னு எனக்குத் தெரியும். நீ அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா போதும்.”

“தெரியுமா? ஏன் சார்?”

முதலாளி குரலைத் தாழ்த்தினார். “நமக்கு வர்ற ஒவ்வொரு மெயிலையும் முதல்ல அவன் படிக்கிறான். எதிர்த்தெரு அச்சகத்துக்கு ஒரு காப்பி அனுப்பறான். அப்புறம்தான் நமக்கு விடறான். படிக்க முப்பது விநாடி ஆகாதா?”

“என் தம்பி ஒரு பக்கம் படிக்க அரை மணி நேரம் எடுத்துப்பான்” என்றாள் மனைவி, ஜன்னலைப் பார்த்து.

முதலாளி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். போலீசுக்கு எழுதிய புகார் பத்திரமாக இருந்தது. மைத்துனனின் பெயர், வயது, முகவரி எல்லாம் எழுதியாகிவிட்டது. பீரோவுக்குள் ஏற்கெனவே ஆதாரம் இருக்கிறது. இந்தப் பெண்ணின் கையெழுத்தும் சேர்ந்துவிட்டால் மாலைக்குள் ஸ்டேஷனில் கொடுத்துவிடலாம்.

“இன்னொண்ணும் அவர்கிட்டச் சொல்லிடும்மா” என்றாள் மனைவி. “அந்தப் புகார் இந்த வாசப்படியைத் தாண்டினா, நானும் தாண்டிடுவேன்.”

அவள் சும்மா சொல்லவில்லை என்பது முதலாளிக்குத் தெரியும். ஆனாலும் திருடன் திருடன்தானே, மச்சினனாக இருந்தால் மட்டும் விட்டுவிட முடியுமா?

பெண் ஏதோ தட்டினாள். கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. முப்பதாவது விநாடியில் சர்வர் திரையில் ஒரு வரி எழுதி வணக்கம் சொன்னது.

“சார், வெளியிலேருந்து யாரும் உள்ளே நுழையல. உங்க மெயிலை யாரும் படிக்கவும் இல்ல. யார் வந்து கதவைத் தட்டினாலும், ‘இது யாரு, பேரென்ன’ன்னு இந்தச் சர்வர் இன்னொரு மெஷினைக் கேக்குது. அங்கேருந்து பதிலே வரல. முப்பது விநாடி காத்துக் கிடந்துட்டு, ‘சரி, வாங்க’ன்னு விட்டுடுது.”

“பேரைக் கேக்கச் சொன்னது யாரு? அவன்தானே?”

அவள் ஒரு ஃபைலைத் திறந்தாள். “குறிப்பு எழுதி வச்சிருக்கார் சார். ‘பெயர் விசாரிக்காமல் யாரையும் உள்ளே விடக் கூடாது என்பது அத்தான் உத்தரவு.’”

மனைவி இருமினாள். மூன்று வருடத்துக்கு முன்னால் தானே அப்படிச் சொன்னது முதலாளிக்கு மங்கலாக ஞாபகம் வந்தது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

“சரி, அந்த இன்னொரு மெஷின் எங்கே இருக்கு? எதிர்த்தெருவிலயா?”

“இந்த ரூம்லயேதான் சார். இருங்க.”

சர்வரின் பின்னாலிருந்து கிளம்பிய நீல நிற கேபிளைப் பிடித்துக்கொண்டே அவள் சுவரோரமாக நடந்தாள். அது அலமாரியைச் சுற்றி, முதலாளியின் மேசைக்கு அடியில் போனது. அவள் குனிந்தாள். கேபிளின் நுனி எதிலும் மாட்டாமல் தரையில் கிடந்தது.

முதலாளி துள்ளி எழுந்தார். “அதேதான்! அந்தக் கேபிள்ல என்ன மாட்டியிருந்ததுன்னு எனக்குத் தெரியும். எழுதிக்கோம்மா, எழுதிக்கோ!”

இடுப்பிலிருந்த சாவியை எடுத்து பீரோவைத் திறந்தார். கைக்குட்டையில் சுற்றிய ஒரு சின்னப் பெட்டியை, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கி மேசை மேல் வைத்தார்.

“ஒட்டுக்கேக்கற கருவி! திங்கட்கிழமை சாயங்காலம் பேனா விழுந்ததுன்னு குனிஞ்சேன். என் காலடியிலேயே பச்சையா கண்ணைச் சிமிட்டிக்கிட்டு நின்னுச்சு. கைரேகை அழியக் கூடாதுன்னு கைக்குட்டையைப் போட்டு மூடி, அப்படியே பிடுங்கிப் பூட்டிட்டேன். இன்னி வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?”

பெண் பெட்டியைப் பார்த்தாள், கையிலிருந்த கேபிளைப் பார்த்தாள்.

மனைவி எழுந்து வந்து கைக்குட்டையை உருவினாள். பெட்டியின் தலையில் தம்பி பெரிய பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்த சீட்டை, ஒரு வாரத்துக்குப் பிறகு முதன்முறையாகக் கணவரின் முகத்துக்கு நேராகப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்:

“அத்தான், நீங்க சொன்னபடி பேர் விசாரிக்கிற பெட்டி இதுதான். கழட்டினா மெயில் நின்னு நின்னுதான் வரும். கழட்டறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.”