பெயர் பொறித்த ஸ்பேனர்

உக்கடம் பழைய இரும்புக் கடையில் காலை வெயில் துருவின் மேல் விழுந்து கிடக்கிறது. மில் மூடியபோது விற்றுவிட்ட தன் ஸ்பேனர்களைக் குவியலுக்குள் தேடுகிறார் ஃபிட்டர் ஞானாபரணம். புது வேலைக்காகக் கடையில் வாங்கிய ஸ்பேனர் முதல் திருகிலேயே வாயைப் பிளந்துவிட்டது; அதில் கம்பெனிப் பெயர் மட்டும்தான் பழையபடி இருந்தது. அதே அளவில் பழையது ஒன்று அகப்படுகிறது. தரையில் தட்டுகிறார். கணீரென்கிறது. கைப்பிடியில் யாரோ உளியால் கொத்திய பெயர்: தனபால். “நல்லாத்தானுங்க இருக்குது, எடுத்துக்குங்க,” என்கிறாள் மனைவி விமலாராணி. அவர் கட்டைவிரல் அந்த எழுத்துகளை விட்டு நகரவில்லை. “இந்த மனுசனும் எங்கியாச்சும் தேடீட்டுத்தான் இருப்பாரு, அம்மணி.” பெயர் மேலே தெரியும்படி அதைக் குவியலின் உச்சியில் வைத்துவிட்டு, அடுத்த குவியலின் முன் குந்துகிறார்.