இடது பக்கம் இழுக்கும் கார்

மூன்றாவது சுற்றிலும் கார் இடது பக்கமே இழுத்தது.

சோதனைத் தளத்தின் ஓரத்தில் நின்றிருந்த அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நேற்றுவரை பிசகாமல் ஓடிய கார். மதியம் முதலாளி வருகிறார். அவர் கண்ணெதிரே இப்படிக் கோணலாக ஓடினால், இத்தனை வருடத்து உழைப்பை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

மற்ற கார்களில் எஞ்சினிலிருந்து ஒரு நீண்ட தண்டு போய்ச் சக்கரங்களைச் சுழற்றும். அவள் வடிவமைத்த காரில் தண்டே கிடையாது. சக்கரத்துக்கு ஒரு மோட்டார். அதன் விசையை, சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் குட்டிப் பல்சக்கரங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி விளிம்புவரை கொண்டு சேர்க்கும். மேடு பள்ளத்தில் கொஞ்சம் நகர்ந்து கொடுக்குமே தவிர, பிடியை விடாது.

நான்கும் தனிக்குடித்தனம் என்பதுதான் வம்பு. இடது பக்கத்தில் ஒன்று ஒரு நூல் பின்தங்கினாலும் கார் அந்தப் பக்கம் போகும்.

இடது சக்கரங்களைக் கழற்றினாள். ஒவ்வொரு பல்லையும் விரலால் தடவினாள். டயரில் காற்று பார்த்தாள். மோட்டார்களைக் கணினியில் ஒப்பிட்டாள். நான்கும் சொல்லி வைத்தாற்போல் ஒரே வேகம்.

ஓட்டுவது அவள் கணவன். அங்கே அவனைவிட மூத்த சோதனை ஓட்டுநர் கிடையாது. மெக்கானிக்குகளுக்குக் காலையிலிருந்து இதே சிரிப்புதான்.

"வீட்ல நீங்க இழுத்த இழுப்புக்கெல்லாம் வர்றவரு, இங்க வந்து கார் இழுக்குதுன்னு புகார் சொல்றாரே!"

அவளும் ஒப்புக்குச் சிரித்து வைத்தாள். உள்ளுக்குள் அவன் மேலேயே எரிச்சலாக இருந்தது.

கடைசியில் தானே பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டாள். கார் கிளம்பி, வெள்ளைக் கோட்டை விட்டு மெல்ல இடப்புறம் நகர்ந்தது.

"பாத்தியா? இலுக்குது" என்றான்.

அவள் சட்டென்று திரும்பினாள்.

மழையை யாராவது மளை என்றால் அன்று முழுக்க விடாத மனிதன். அவள் தன் காதலைச் சொன்னபோதுகூட, அவள் பேச்சிலிருந்த ழகரத்தைத் திருத்திவிட்டுத்தான் சரி என்றான்.

அவன் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. இடது கை பிடியில்லாமல் ஸ்டியரிங்கில் தொங்கி, தன் கனத்தால் அதைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை.

"ஏங்க, நிறுத்துங்க. நான் ஓட்டறேன்."

அவனைத் தாங்கிப் பிடித்து இடம் மாற்றி உட்காரவைத்தாள். சக்கரத்தின் ஒவ்வொரு பல்லாகத் தடவிய நேரத்தில் அவன் முகத்தை ஒரு தடவை பார்த்திருக்கலாம். காரை மருத்துவமனைப் பக்கம் திருப்பினாள்.

காலையிலிருந்து, கார் நேராக ஓட வேண்டும் என்று அவள் வேண்டாத தெய்வம் இல்லை. மருத்துவமனைச் சாலையில் இப்போது அந்தக் காரையே கெஞ்சினாள். கொஞ்சம் இழு. கோளாறு உன்னுடையதாகவே இருக்கட்டும்.

அது நேராக ஓடியது.