இடது காலுக்கு வேலையில்லை

ராசிபுரம் தாண்டியதும் காலை வெயில் மஞ்சளாகக் கண்ணாடியில் வழிகிறது. இடது முழங்கால் முறிந்து, இனி கிளட்ச் மிதிக்க முடியாதென்று நெடுநாள் வீட்டில் கிடந்த பாக்கியநாதன் இன்று மறுபடி லாரி ஓட்டுகிறார். கிளட்ச் பெடலே இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி. பக்கத்தில் மனைவி ஜெபமலர். மேடு வந்ததும் பாக்கியநாதனின் இடது கை கியர் ராடைத் தேடிக் காற்றைத் துழாவுகிறது. வண்டியோ தானே கியர் மாற்றிக்கொண்டு, தண்ணீரில் மிதப்பதுபோல ஏறுகிறது. மரவள்ளிக் காடுகள் பச்சையாய்ப் பின்னால் வழுக்கிப் போகின்றன. கீழே அவருடைய இடது கால் வெறுந்தரையை அமுக்கி அமுக்கி எடுக்கிறது. “அங்கதான் ஒண்ணுமே இல்லீங்களே, எதைங்க மிதிக்கறீங்க?” என்கிறாள் ஜெபமலர். “நாஞ் சொன்னாக் கேக்க மாட்டீங்குது புள்ள.” “வலிக்குதுங்களா?” அவர் யோசித்துப் பார்க்கிறார். “இல்லையே,” என்கிறார், தனக்கே ஆச்சரியமாக. “அப்படீன்னா மிதிச்சுக்கட்டும், உடுங்க,” என்று சிரித்தபடி, ஜெபமலர் தன் காலையும் நீட்டித் தரையை ஒரு மிதி மிதிக்கிறாள்.