மூணடி மேடை

"மூணடி. அதுல ஒரு இன்ச் கூடக் குறையக் கூடாது" என்றார் அப்பா.

"அம்மாவோட உயரம் என்ன, நீங்க சொல்ற சமையல் மேடையோட உயரம் என்ன? கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்கப்பா" என்றாள் மகள்.

நாளைக் காலை பில்டரோடு முதல் சந்திப்பு. நாம் கேட்கிறபடி வீடு கட்டித் தருகிறவர். அவர் முன்னால் போய் அடித்துக்கொண்டு மானத்தை வாங்கக் கூடாது என்று சாப்பாட்டு மேஜையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மகள்தான் பில்டர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள்.

ஹால், படுக்கையறை, மாடிப்படி எல்லாவற்றையும் சண்டையில்லாமல் தாண்டியாயிற்று. பாத்ரூம் டைல்ஸ் நிறத்தில்கூட அப்பா விட்டுக்கொடுத்துவிட்டார். சமையலறைக்கு வந்ததும்தான் மனிதர் ஒற்றைக் காலில் நின்றார்.

இத்தனைக்கும் அந்த அறையோடு அவருக்கு ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றாலும் ஹாலிலிருந்து குரல்தான் உள்ளே போகும், ஆள் போகாது.

அம்மா குள்ளம். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுகள். எந்த வீட்டுக்காரரும் அம்மாவை அளந்து பார்த்து மேடை கட்டி வைக்கவில்லை. அதனால் ஒரு மரப்பலகையைப் போட்டு, அதன் மேல் நின்றுதான் சமையல். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, முழங்கால் இப்போது தொல்லை கொடுக்க ஆரம்பித்திருக்கிறது. சொந்த வீடு என்று பேச்சு எடுத்ததும் அம்மா வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தன் உயரத்துக்கு ஒரு சமையல் மேடை.

"அந்த ஒண்ணைக்கூடக் குடுக்க உங்களுக்கு மனசு வரல, இல்ல?"

"மனசுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? மேடை தாழ்வா இருந்தா குனிஞ்சு குனிஞ்சு முதுகு போயிடும்."

"அம்மா எங்கப்பா குனியறாங்க? எம்பி எம்பில்ல நிக்கறாங்க!"

அப்பா அளவு டேப்பைச் சர்ரென்று இழுத்துச் சுவரில் வைத்து அளந்தார். மூணடியில் விரலை வைத்துக்கொண்டு, "இதான்" என்றார்.

அடுத்த மாதம் ரிட்டயர் ஆகிறார். கொஞ்ச நாளாகவே ஆள் சரியில்லை. அம்மா சமைக்கும்போது சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டு, "அதை ஏன் இப்பப் போடறே? தீயை ஏன் குறைச்சே?" என்று குறுக்கு விசாரணை வேறு. ஆபீசில் அதட்ட ஆள் இருக்கமாட்டார்கள், அதனால் வீட்டில் கடை விரிக்கிறார் என்று மகள் முடிவு கட்டியிருந்தாள்.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டே, "ஏங்க, ஒரு நாலு விரல் குறைச்சுக்கலாமா?" என்று தணிந்து கேட்டாள்.

அப்பா அவளை ஒரு தடவை பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. "அதெல்லாம் உனக்குப் புரியாது" என்று டேப்பைச் சுருட்டினார்.

"சரி, விடுடி. அவர் ஆசைப்படறார். மூணடியே இருக்கட்டும். நமக்குத்தான் பலகை இருக்கே."

அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் உள்ளே போனவள், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களையே எடுத்து மறுபடி கழுவினாள். அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் கிளம்பும்போதே எச்சரித்துவிட்டாள். "அங்க சமையல் ரூம் பத்தி நான்தான் பேசுவேன். நீங்க வாயே திறக்கக் கூடாது."

"சரி" என்றார் அப்பா, நல்ல பிள்ளை மாதிரி.

பில்டர் நிதானமான மனிதர். ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். எல்லாம் ஒத்திகைப்படியே போயிற்று, அந்த இடம் வரும்வரை.

"சமையல் மேடை ரெண்டரை அடி சார்" என்றாள் மகள்.

"மூணடி" என்றார் அப்பா.

"அப்பா!"

"மூணடி சார். நீங்க எழுதிக்குங்க."

அதற்கு மேல் மகளால் முடியவில்லை. பில்டராவது கில்டராவது! "சார், எங்கம்மா காலமெல்லாம் பலகை மேல ஏறி நின்னு சமைச்சவங்க. இந்த வீட்லயாவது அவங்க கால் தரையில படணும்னு நான் நினைக்கறேன். அது எங்கப்பாவுக்குப் பொறுக்கல" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அம்மா அவள் தொடையை அழுத்தி, "சும்மா இருடி" என்றாள். அப்பா காது மடல் சிவக்க, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு குனிந்திருந்தார். பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மகளுக்குப் பாவமாக இல்லை.

பில்டருக்கு இது பழகிப்போன காட்சி. பேனாவைக் கீழே வைத்தார்.

"ரெண்டு பேரும் கோச்சுக்காதீங்க. மேடை உயரத்துக்கு நாங்க ஒரே ஒரு கேள்விதான் கேப்போம். புது வீட்ல தினமும் அங்க நின்னு சமைக்கப் போறது யாரு?"

அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள்.

"அம்மா" என்றாள் மகள்.

"நான்" என்றார் அப்பா.