பெஞ்சில் ஓர் ஆள் இடம்

ஓவியர் டால்ரிம்பிளின் அறைக்குள், வடக்கு ஜன்னல் வழியாக லீத் துறைமுகத்து வெளிச்சம் கழுவின மீனைப்போல் மினுங்கிக்கொண்டு விழுகிறது. கடலோடு போன என் அண்ணன் மாக்னஸின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவனுக்குப் பதிலாக நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அவனுக்கு வேறு படம் கிடையாது. மதினி கிர்ஸ்டிக்கு அவன் முகம் மறந்துகொண்டே வருகிறதாம். ஓவியர் சுவர்வரை பின்னால் நடந்துபோய் முறைத்துவிட்டு, ஓடிவந்து ஒரே ஒரு தீற்று வைக்கிறார். இதுவரை அவர் நடந்த நடைக்கு கிளாஸ்கோ போய்த் திரும்பியிருக்கலாம். நான் அசையாமல் இருந்ததில் என் காதுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை கட்டி, இரண்டு ஈயையும் பிடித்துவிட்டது.

உள்ளே வந்த மதினி மீன்கூடையை இறக்காமலே படத்தைப் பார்க்கிறாள். “மூக்கு அவருதுதான். ஆனா உக்காந்திருக்கிறது நம்ம ராபியில்ல?”

“நீ உள்ள வந்தா உன் புருஷன் என்னம்மா பண்ணுவான்?” என்கிறார் ஓவியர்.

“என்னத்தப் பண்ணுவாரு? பேச மாட்டாரு, சிரிக்க மாட்டாரு. பெஞ்சுல கொஞ்சம் தள்ளி உக்காருவாரு.”

“டேய் ராபி, தள்ளுடா!”

வலை அறுபட, ஓரத்துக்கு நகர்கிறேன். ஓவியர் படத்திலிருந்த பழைய தோளைக் கத்தியால் சுரண்டிவிட்டு ஓடுகிறார், வருகிறார், ஓடுகிறார். படத்தில் ஆள் ஓரமாகப் போகப்போக, பக்கத்தில் ஓர் ஆள் இடம் வெளிச்சமாகத் திறக்கிறது. மதினி கூடையை இறக்கிவைக்கிறாள்.

“இன்னும் கொஞ்சம் தள்ளுய்யா. நான் குண்டாயிட்டேன்.”

நான் அவசரமாக நகர்ந்து தரையில் விழுகிறேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.