பதுங்குறதுன்னா என்ன?

“அவன் கையில விலங்கு மாட்டியிருக்கும்மா. தைரியமா உட்காருங்க” என்றார் காவல் அதிகாரி, தன் மொழியில்.

அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஊரில் அவர் மொழியும் தமிழும் சேர்ந்து தெரிந்த மொழிபெயர்ப்பாளர் அவள் ஒருத்திதான். ஆளை முன்பின் தெரியுமா என்ற வழக்கமான கேள்விக்கு, இல்லை என்று தலையாட்டிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தாள்.

எதிரே இருந்தவனுக்கு மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. சட்டைக் கையில் ரத்தம் காய்ந்திருந்தது. அவன் அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவள் கதவைப் பார்த்தாள்.

“கிடங்குக்குப் பின்னால பதுங்கியிருந்தேன். வந்தான். கம்பியால அடிச்சேன்” என்றான்.

“நான் கிடங்குக்குப் பின்னால பதுங்கியிருந்தேன். வந்தார். கம்பியால அடிச்சேன்” என்று அதிகாரியிடம் சொன்னாள் அவள். ‘பதுங்கி’ என்பதற்கு அவர் மொழியில் சட்டென்று எதுவும் அகப்படாததால், அதை மட்டும் தமிழிலேயே விட்டுவிட்டாள்.

இந்தத் தொழிலில் ஒரு தொல்லை. பேசுகிறவன் ‘நான்’ என்றால் மொழிபெயர்ப்பவரும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். இப்படியே அவள் எத்தனையோ கடைகளில் திருடியிருக்கிறாள், குடித்துவிட்டு லாரி ஓட்டியிருக்கிறாள், கல்யாணமே ஆகாமல் விவாகரத்தும் வாங்கியிருக்கிறாள். ஒருநாளும் குரல் பிசிறியதில்லை. இன்று பிசிறியது.

அதிகாரி தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். “அடிபட்ட மேலாளர் உங்களுக்கும் தெரிஞ்சவராமே. அந்தக் கிடங்குக்கு மொழிபெயர்க்கப் போவீங்களாம். அதான் பதறுறீங்க. உயிருக்கு ஆபத்தில்லையாம், கவலைப்படாதீங்க.”

அவள் டம்ளரை எடுத்தாள். குடிக்காமலே திரும்ப வைத்தாள்.

“அது என்ன வார்த்தை, பதுங்கி? ஒளிஞ்சிருந்தான்னு அர்த்தமா?”

“இல்ல சார். ஒளியறவன் யாரும் வந்துடக்கூடாதேன்னு இருப்பான். பதுங்குறவன் ஒருத்தன் வரட்டும்னு காத்திருப்பான். எதிர்பாராத நேரத்துல மேல விழறதுக்கு.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அர்த்தம் கேட்டால் சரியாகச் சொல்லியே தீர வேண்டும் என்கிற தொழில் புத்தி, வேண்டாத நேரத்தில் முந்திக்கொண்டுவிட்டது.

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப இது கைகலப்பு இல்ல. திட்டம் போட்டு அடிச்சது. பத்து வருஷம் உள்ள இருக்கணும். ஏன் அடிச்சான்னு கேளுங்க.”

கேட்டாள்.

“அவன் செஞ்சது அவனுக்கே தெரியும்.”

அதையும் சொன்னாள். அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். “சரி, அவர் அந்த வழியா வருவார்னு இவனுக்கு எப்படித் தெரியும்?”

“தனியா அந்த வழியாத்தான் வருவான்னு தெரியும்” என்றான் அவன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

“வெள்ளிக்கிழமையானா அவர் தனியா அந்த வழியாத்தான் வருவார்னு எனக்குத் தெரியும்” என்றாள் அவள். அவன் சொல்லாத கிழமை எப்படியோ வாயில் வந்துவிட்டது.

எழுதிக்கொண்டிருந்த அதிகாரியின் பேனா நின்றது. “இவன் இந்த வாரம் சேர்ந்த மூட்டை தூக்குற பையன். வெள்ளிக்கிழமைக் கணக்கெல்லாம் இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? உள்விவரம் தெரிஞ்ச யாரோதான் சொல்லியிருக்காங்க. அந்த ஆளையும் இன்னிக்கே உள்ள தள்ளணும். யாருன்னு கேளுங்க.”

அவளுக்கு எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. கதவோரம் ஒரு காவலர் நின்றார்.

“ம், கேளுங்கம்மா.”

“உனக்கு... யார் சொன்னாங்க?” என்றாள் தமிழில்.

அவன் முதல்முறையாகச் சிரித்தான். விலங்கு மேசையில் இடிபட, அவள் பக்கமாகக் குனிந்தான்.

“அன்னிக்கு நீ அழுதுக்கிட்டே சொன்னதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றான். “நீ அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதக்கா.”